தீர்ந்த கணக்கும் தீராத ஐயமும்

பாவசங்கீர்த்தனத் தொட்டியருகே முழங்காற்படியிட்டு, நினைவுக்கு வந்த குற்றங்களையெல்லாம் சொல்லி, குருவானவரிடம் மன்னிப்பும் பெற்று எழுந்த ஒருவர், கோயில் வாசலைத் தாண்டுமுன்பே, சிறுவயதில் செய்த அந்தப் பிழையைத் தெளிவாகச் சொன்னோமா, எண்ணிக்கையைக் குறைத்துவிட்டோமா, நம்முடைய மனஸ்தாபம் மெய்யானதுதானா என்று கலங்கி, அடுத்த வாரமே அதே பாவத்தை மீண்டும் சொல்ல வந்து நிற்பாரானால், அவரைப் பக்திமான் என்று மெச்சுவதா, நோயாளி என்று இரங்குவதா? நைனார்பாளையம் முதலான கள்ளக்குறிச்சி வட்டாரத்து ஊர்களில் வாழும் கத்தோலிக்கர் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். வீரமாமுனிவர் பெரியநாயகி மாதாவுக்குக் கோயில் எழுப்பிய கோணான்குப்பமும் அவர்களுக்கு எட்டாத தொலைவன்று. இவ்வளவு பழமையான விசுவாசம் வேரூன்றிய நாட்டில், இந்தச் சஞ்சலத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவோர் மிகச் சிலராய் இருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

பாவசங்கீர்த்தனத்தின் முறை தமிழுக்குப் புதிதன்று. முத்துக்குளித்துறையில் மொழிபெயர்ப்பாளரின் துணையை விட்டு, தாமே தமிழ் கற்று மக்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்ட இயேசு சபைத் துறவி அண்டிரிக் அடிகளார், 1580ஆம் ஆண்டில் கொச்சியில் இதற்கென்றே ஒரு தமிழ் நூலை அச்சிடச் செய்தார். கட்டளை கட்டளையாகக் கேள்வி கேட்டு மனச்சாட்சியைத் துருவும் அத்தகைய நூல்கள், மறதியுள்ளவனுக்கும் அசட்டையுள்ளவனுக்கும் பேருபகாரம் செய்கின்றன. ஆனால் இயல்பிலேயே அஞ்சி நடுங்கும் ஆத்துமாவின் கையில் அதே கேள்விகள் முடிவற்ற வேதனைக்குக் காரணமாகிவிடுகின்றன. ஆத்தும சோதனையைப் பற்றிப் பிரசங்கிக்கும் குருமார், இவ்விரு வகையினரும் ஒரே கூட்டத்தில் அமர்ந்திருப்பதை மறவாதிருப்பார்களாக.

திருச்சபை உண்மையில் கேட்பது என்ன? ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் என்று 1215ஆம் ஆண்டின் லாத்தரன் சங்கம் விதித்தது. சாவான பாவங்களை வகையும் எண்ணிக்கையும் சொல்லி அறிக்கையிடவேண்டும் என்று 1551இல் திரெந்து பொதுச்சங்கம் வரையறுத்தது. அஞ்சுகிறவர் இந்த இரண்டாம் விதியைப் பிடித்துக்கொண்டு அல்லற்படுகிறார். ஆனால் அதே சங்கம், கவனமாக ஆராய்ந்த பிறகு நினைவுக்கு வரும் பாவங்களையே கேட்கிறது என்பதையும், கருத்தாய்ச் சிந்தித்தும் நினைவுக்கு வராதவை அதே பாவசங்கீர்த்தனத்தில் அடங்கிவிடுகின்றன என்று அது போதித்திருப்பதையும் அவர் காண்பதில்லை. மறந்த சாவான பாவம் பிற்பாடு நினைவுக்கு வந்தால் அடுத்த முறை சொன்னால் போதும். அது ஏற்கனவே மன்னிக்கப்பட்டதாகையால், அதற்காக நற்கருணையை விட்டு விலகி நிற்கவேண்டியதில்லை. வெட்கத்தினாலோ பயத்தினாலோ வேண்டுமென்றே மறைத்த பாவத்தின் நிலை வேறு. அந்தப் பாவசங்கீர்த்தனம் செல்லாதாகையால் அதைத் திரும்பவும் செய்தே தீரவேண்டும். மறதியையும் மறைப்பையும் ஒன்றாக எண்ணிவிடுவதே இந்தத் துன்பத்தின் வேர்களுள் ஒன்று என்று நான் கருதுகிறேன். வட்டியும் முதலும் செலுத்திப் பத்திரத்தைத் திரும்பப் பெற்ற குடியானவன், கடன் தீர்ந்ததோ என்ற ஐயத்தால் நாள்தோறும் பணப்பையோடு சாவுகாரன் வீட்டுக்குப் போவானா?

இந்த நெருப்பில் வெந்தவர்களில் அண்டிரிக் அடிகளாரின் சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரே முதன்மையானவர். 1522இல் மொன்செராத் மடத்தில், தம் வாழ்நாட்பாவங்களையெல்லாம் எழுதிவைத்து, மூன்று நாள் பொதுப் பாவசங்கீர்த்தனம் செய்தவர் அவர். எனினும் மன்ரேசா ஊரில் தங்கியிருந்தபோது, எதையோ விட்டுவிட்டோம் என்ற ஐயம் அவரை மீண்டும் மீண்டும் குருவானவரிடம் துரத்தியது. மிகத் தெளிவாகத் தெரிந்த பாவமிருந்தாலன்றிப் பழையவற்றைச் சொல்லவேண்டாம் என்று குருவானவர் கட்டளையிட்டார்; அவருக்கோ எல்லாமே மிகத் தெளிவாகத் தோன்றின! அந்தத் துயரத்தில் தம் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் எழுந்தது; ஆயினும் அது தேவ துரோகமென்று உணர்ந்து அதை உதறினார். ஒரு வாரம் உண்ணா நோன்பிருந்தும் ஐயம் முற்றிலும் அகலவில்லை. இறுதியில் பழைய பாவங்களை இனிச் சொல்வதில்லை என்று உறுதிசெய்தபோதுதான் அவருக்கு விடுதலை வந்தது. தாம் பட்ட இந்தப் பாட்டின் பயனாகவே, இத்தகைய ஐயங்களை அறிந்துகொள்வதற்கான குறிப்புகளைத் தம் ஞானப் பயிற்சி நூலில் அவர் சேர்த்தார் என்று எண்ண இடமுண்டு.

பிற்கால ஒழுக்க நெறி ஆசிரியர்கள் இதை ஒரு விதியாகவே வகுத்தார்கள்: இந்தச் சஞ்சலத்தில் சிக்கியவர், ஒரு செயல் சாவான பாவமென்றும் அதை ஒருபோதும் சொல்லவில்லையென்றும் சத்தியம் செய்யத்தக்க நிச்சயம் இருந்தாலன்றி, அதை மீண்டும் சொல்லக் கடமைப்பட்டவரல்லர். ஒரே ஆத்தும குருவைத் தெரிந்துகொண்டு அவர் சொல்லுக்கு அடங்கி நடப்பதும், மனம் பதைத்தாலும் திரும்பச் சொல்லாதிருப்பதும் மருந்தின் பெரும்பகுதி. இன்றைய மனநல மருத்துவம் இதன் கடுமையான வடிவத்தை எண்ணச்சுழற்சி நோயின் வகையாகக் கண்டு சிகிச்சையளிக்கிறது. அம்மருத்துவரை நாடுவது விசுவாசக் குறைவன்று, அதைச் சொல்லிக் கொடுக்கவேண்டிய கடமை பங்குக் குருமாருக்கும் உண்டு.

ஒழுக்க நெறியில் திருச்சபையின் பேராசிரியராய் விளங்கிய புனித அல்போன்ஸ் லிகோரியார், கலங்கிய எத்தனையோ ஆத்துமாக்களுக்குக் கீழ்ப்படிதலையே புகலிடமாகக் காட்டியவர். தொண்ணூறு வயதை நெருங்கிய முதுமையிலே அதே சஞ்சலம் அவரையும் பற்றிக்கொண்டபோது, அவரும் பிறருக்கு எழுதிக்கொடுத்த அந்த மருந்தையே உட்கொண்டு, தம் குருவின் வாக்குக்கு அடங்கினார்.