கண் இருந்தால் போதுமா?

ராஜபாளையத்து நூற்பாலை வாயிலிலே ஒரு கேமரா. திருவில்லிபுத்தூர் பால்கோவாக் கடையிலே ஒரு கேமரா. பேருந்து நிலையம், நகைக் கடை, வங்கி... எங்கெங்கும் இமையில்லாக் கண்கள்!

அந்தக் கண் உறங்குவதில்லை. கையூட்டு வாங்குவதில்லை. பணக்காரன் வந்தால் பல்லிளிப்பதில்லை. ஏழை வந்தால் எட்டி நில் என்பதுமில்லை. ‘நினைவில்லை எசமானே’ என்று கூண்டிலே குழறுவதுமில்லை. குற்றத்தைத் துப்புத் துலக்க இதனினும் நல்ல சாட்சி ஏது என்கிறார்கள். நல்ல சாட்சிதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் தோழர்களே, அந்தச் சாட்சியின் வாய் யார் கையிலே இருக்கிறது?

இரவு ஷிப்டு முடித்து வரும் தொழிலாளியின் வண்டி களவு போகிறது என்று வைத்துக்கொள்வோம். காவல் நிலையத்துக்கு ஓடுகிறான். ‘நாளை வா’ என்கிறார்கள். நாளை, நாளை என்று நாட்கள் நகர்கின்றன. கேமராவின் பதிவுப் பெட்டியோ, இடம் நிறைந்ததும் பழைய படத்தை அழித்துப் புதியதைப் பதித்துக்கொள்ளும். போலீசார் கடைக்கு வரும்போது கள்வன் முகமும் இல்லை, காட்சியும் இல்லை! தப்பவிட்டது கருவியா? காலம் கடத்திய கையா?

படம் வராததால் பழி சுமந்தோரும் உண்டு. 2010-இல் காசி நகர விடுதியிலே இத்தாலிய இளைஞர் ஒருவர் இறந்தார். உடன் வந்த இருவர்மீது கொலைப் பழி, ஆயுள் தண்டனை! விடுதியிலே கேமரா இருந்தது. பதிவு மட்டும் நீதிமன்றத்துக்கு வரவில்லை. அது பெருங்குறை என்று கண்ட உச்சநீதிமன்றம், 2015 ஜனவரியில் இருவரையும் விடுவித்தது. சிறையிலே தேய்ந்த ஏறத்தாழ ஐந்தாண்டுகளை யார் திருப்பித் தருவார்?

அவ்வளவு தூரம் போவானேன்? நம் தென்பாண்டிச் சீமையின் சாத்தான்குளத்தை மறந்துவிட்டோமா? 2020 ஜூனிலே, கடைக்காரத் தந்தையும் மகனும் போலீஸ் பிடியிலே அடிபட்டு மாண்டனர். ‘தரையிலே புரண்டார்கள், காயம் பட்டது’ என்றது போலீசார் எழுதிய முதல் தகவல் அறிக்கை. ‘அப்படி ஒன்றும் நடக்கவில்லை’ என்று காட்டியது கடைத்தெருக் கேமரா! காவல் நிலையத்துக் கேமராவோ? பெட்டியிலே இடமிருந்தும் அன்றன்றைய படம் அன்றன்றே அழியும்படி வைத்திருந்தார்கள் என்று மாஜிஸ்திரேட் எழுதினார். தெருவின் கண் பேசியது. காவல் நிலையத்தின் கண் கட்டப்பட்டிருந்தது!

அதே ஆண்டு டிசம்பர் 2-இல், இன்னொரு வழக்கிலே உச்சநீதிமன்றம் ஆணையிட்டது: ஒவ்வொரு காவல் நிலையத்திலும் வாயில், லாக்கப், தாழ்வாரம் எங்கும் கேமரா வேண்டும், ஒலியும் பதிய வேண்டும், 18 மாதம், முடியாவிடில் ஓராண்டேனும் பதிவு காக்கப்பட வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவும், நகலெடுத்த பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. திருவில்லிபுத்தூரிலே இருக்கும் நம் மாவட்ட நீதிமன்றத்தின் படியேற, படம் மட்டும் போதாது, பத்திரமும் வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இதுதான்: புகார் தந்த அன்றே பதிவைக் கைப்பற்றுக! சான்றிதழோடு காத்திடுக! ஆலை வாயிலிலே தொழிலாளியைப் பார்க்கும் கண், லாக்கப்பிலே லத்தியையும் பார்க்கட்டும்!

கண் இருந்தால் போதாது, தோழர்களே. அது கண்டதை நாடு காண வேண்டும்!