உங்களுக்குத் தெரியுமா? கூடவே நின்றால் கை கற்கும்

முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களைக் கத்தி பிடிக்கப் பழக்கி, லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகள் செய்தவர் டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி. 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவரும் அவரே.

அங்கே பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்கள் இரண்டு ஆண்டு பயிற்சி பெறுகிறார்கள். வகுப்போடு சரி என்றில்லை. மூத்தவர் பக்கத்தில் நின்று பார்வை சோதிக்கவும், அறுவை அரங்கில் கேட்கும் முன்பே கருவியை எடுத்து நீட்டவும் பழகுகிறார்கள். அந்த வேகத்தைப் புத்தகம் தராது.

இதே போல, லைபீரியாவில் தையல் கற்கும் சிறுவர்கள் முதலில் பொத்தான் தைத்து, ஓரம் மடித்து, பிறகே துணி வெட்டுவதைக் கவனித்தார் மானுடவியலாளர் ஜீன் லேவ். இப்படிச் சிறு வேலையில் நுழைந்து மெல்ல முழுப் பொறுப்புக்கு வருவதே கற்றல் என்று அவரும் சக ஆய்வாளர் எட்டியென் வெங்கரும் 1991-ல் நூலாக எழுதினார்கள்.