பூநாரை நாட்டுக்கு ஒரு ஸ்லீப்பர் டிக்கெட்

மழை ஓய்ந்ததும் பழவேற்காடு ஏரியில், லைட்ஹவுஸ் குப்பம் பக்கமெல்லாம் பூநாரைகள் வந்து நிற்கும். இந்தியாவில் இவை பெருங்கூட்டமாகக் கூடு கட்டுவது குஜராத்தின் கட்ச் ரண் என்னும் உப்புப் பாலைவனத்தில். பறவைக்கு டிக்கெட் வேண்டாம், நமக்கு வேண்டுமே!

பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் பொன்னேரி, புறநகர் ரயிலில் சென்னை சென்ட்ரல், அங்கிருந்து அகமதாபாத் போகும் நவஜீவன் எக்ஸ்பிரஸ். முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஸ்லீப்பரே போதும். முன்பதிவு 60 நாளுக்கு முன்பே தொடங்கிவிடும்.

டிக்கெட்டை மட்டும் துண்டு துண்டாக வாங்காதீர்கள். தூரம் கூடக் கூட, கிலோமீட்டருக்கான கட்டணம் குறையும். அதனால் அகமதாபாத்தில் ரயில் மாறிப் போகவேண்டிய, ரண் பக்கமுள்ள புஜ் நகரம் வரை ஒரே டிக்கெட்டாகக் கவுன்ட்டரில் கேளுங்கள். 1,000 கிலோமீட்டரைத் தாண்டும் டிக்கெட் என்றால், முதல் 500 கிலோமீட்டருக்குப் பிறகு வழியில் இரண்டு ஊர்களில் இறங்கி, இரண்டிரண்டு நாள் தங்கலாம். எங்கே இறங்குவீர்கள் என்பதை டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். இந்த வசதியைக் கேட்டு வாங்குபவர்கள் ஏனோ குறைவு.

முன்பதிவு கிடைக்காதவர்களுக்கு, அகமதாபாத்–புஜ் இடையே 2024 செப்டம்பரில் தொடங்கிய நமோ பாரத் ரயில் இருக்கிறது. முழுக்க ஏசி, முன்பதிவே இல்லை. எந்த ரயிலானாலும் புஜ் போகும் வழியில் வரும் சூரஜ்பாரி பாலத்தைப் பகலில் கடக்கப் பாருங்கள். அங்கே உப்பளங்கள் விரிந்து கிடக்கும்.

கட்டுச்சோறு எடுத்துப் போங்கள். கருவாட்டுக் குழம்பு வேண்டாம், பக்கத்து சீட்காரர் பாவம்! மார்கழியில் போனால் கனமான போர்வை அவசியம். ஸ்லீப்பரில் கம்பளி தரமாட்டார்கள்.