பெரிய குழுவா? சின்னக் குழுவா?

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. பத்து நாள் கழித்துத்தான் முதல் சந்தேகம் வரும். பிரிண்டர் ஏன் பாதியில் நிற்கிறது? தமிழில் டைப் செய்தால் ஏன் கட்டம் கட்டமாகத் தெரிகிறது? கேட்பதற்கு ஆள் தேடும்போதுதான் இன்டர்நெட்டின் விவாதக் குழுக்கள் நம் கண்ணில் படுகின்றன. ஒன்றில் 40 பேர் இருப்பார்கள். இன்னொன்றில் 4 லட்சம் பேர் இருப்பார்கள். பேசும் விஷயம் ஒன்றாக இருந்தாலும் இரண்டின் பழக்கவழக்கங்களும் வேறு. அதைத் தெரிந்துகொண்டு நுழைந்தால் மனக்கசப்பைத் தவிர்க்கலாம்.

ஒரு சின்னக் கணக்கு

20 பேர் உள்ள குழுவில் ஒருவரோடு ஒருவர் பழக 190 ஜோடிகள்தான் உண்டு. ஒரு வருடத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்துவிடும். வாட்ஸ்அப் குழுவில் 2022 முதல் 1,024 பேர் வரை சேரலாம். அங்கே ஜோடிகளின் எண்ணிக்கை 5,23,776. யாரும் யாரையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. ஆட்கள் 51 மடங்கு கூடினால் உறவுகள் 2,700 மடங்குக்கு மேல் கூடிவிடுகின்றன. குழு வளரும்போது அதன் குணமும் மாறுவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

சின்னக் குழுவில் விதிகளை எழுதி வைக்கத் தேவையில்லை. தவறாகப் பேசினால் நாளைக்கும் அதே ஆட்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அந்தக் கூச்சமே காவல். பெரிய குழுவில் இந்தக் கூச்சம் வேலை செய்யாது. அதனால் எழுதிய விதிகளும், விதியை அமல்படுத்தும் மட்டுறுத்துநர்களும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளின் பட்டியலும் தேவைப்படுகின்றன. ஒரே கேள்வியை ஆயிரம் பேர் கேட்டால் பதில் சொல்பவர் சலித்துப் போவார் அல்லவா?

முடியாத செப்டம்பர்

1980இல் தொடங்கிய யூஸ்நெட் என்ற விவாத வலையை முதலில் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தினரே பயன்படுத்தினர். ஒவ்வொரு செப்டம்பரிலும் புது மாணவர்கள் வந்து கலாட்டா செய்வார்கள். ஓரிரு மாதங்களில் பழையவர்களைப் பார்த்து ஒழுங்காகிவிடுவார்கள். 1993க்குப் பிறகு அமெரிக்கா ஆன்லைன் போன்ற நிறுவனங்கள் சாதாரண மக்களுக்கும் கதவைத் திறந்தன. புதியவர்கள் வருடம் முழுக்க வந்தார்கள். சொல்லிக் கொடுக்க ஆள் போதவில்லை. 1993 செப்டம்பருக்கு ‘முடியாத செப்டம்பர்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். புதியவர்கள் கெட்டவர்கள் அல்ல. பழையவர்கள் கற்றுக் கொடுக்கும் வேகத்தைவிட அவர்கள் வரும் வேகம் கூடிவிட்டது, அவ்வளவுதான்.

மரத்தடியும் காபி கிளப்பும்

தமிழர்கள் இன்டர்நெட்டில் தொடங்கிய குழுக்களின் பெயர்களைக் கவனியுங்கள். 2000களில் யாஹூ குழுமங்களில் ‘மரத்தடி’ இருந்தது. ‘ராயர் காபி கிளப்’ இருந்தது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் பொது விவாதம் நடக்கும் பக்கத்தின் பெயர் ‘ஆலமரத்தடி’. எல்லாமே பத்துப் பேர் உட்கார்ந்து பேசும் இடங்கள்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. அங்கே தகராறு முற்றினால் தீர்ப்புச் சொல்ல, தேர்தல் வைத்து அமைக்கும் நடுவர் குழுவே இருக்கிறது. தமிழில் அப்படி ஒன்று இல்லை. ஆலமரத்தடியில் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

சின்னக் குழுவுக்கும் குறைகள் உண்டு. நாலு பேர் சுமையைத் தூக்குவார்கள். அவர்கள் ஓய்ந்தால் குழு தூங்கிவிடும். இருவர் சண்டை போட்டால் குழுவே இரண்டாகிவிடும். எல்லோரும் தெரிந்தவர்கள் என்பதால் மாற்றுக் கருத்து உள்ளவர் வாயைத் திறக்கத் தயங்குவார்.

நம்பிக்கையே ஆபத்தாகும்போது

எர்ணாவூரில் எங்கள் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. தண்ணீர் லாரி வந்தது, கரண்ட் போனது, இவ்வளவுதான் அதில் பேச்சு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பக்கத்து எண்ணூர் பெரியகுப்பம் பகுதியில் அம்மோனியா வாயு கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினார்கள். அப்படிப்பட்ட இரவில் தேவைப்படும் விவரம் மிகச் சின்னது. எந்தத் தெருவில் நெடி அடிக்கிறது? காற்று எந்தப் பக்கம் வீசுகிறது? இதைப் பெரிய குழுவால் சொல்ல முடியாது. சொல்பவர் யார், அவர் வீடு எங்கே என்று தெரிந்த சின்னக் குழுதான் சொல்லும்.

ஆனால் அதே நம்பிக்கை உயிரையும் எடுத்திருக்கிறது. 2018 மே மாதம் எங்களுக்கு வடக்கே பழவேற்காட்டில், குழந்தை கடத்துபவர் என்ற சந்தேகத்தில் ஒருவரை ஒரு கும்பல் அடித்துக் கொன்றது. அதே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டியும் இப்படியே உயிரிழந்தார். அப்போது வாட்ஸ்அப்பில் வதந்திகள் சுற்றிக்கொண்டிருந்தன. எழுதியவர் யாரென்று யாருக்கும் தெரியாது. அனுப்பியவரோ அத்தை மகன், எதிர் வீட்டுக்காரர். முகம் தெரியாதவரின் பொய்க்கு, தெரிந்தவரின் முகம் கிடைத்துவிடுகிறது. நாட்டின் பல இடங்களில் இத்தகைய கொலைகள் நடந்த பிறகு, 2018 ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு மெசேஜை ஒரே நேரத்தில் 5 பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் பார்வர்ட் செய்ய முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது.

நீங்கள் செய்ய வேண்டியவை

• சேர்ந்தவுடன் எழுத வேண்டாம். ஒரு வாரம் படித்துப் பாருங்கள்.

• பெரிய குழுவில் கேட்கும் முன் விதிகளைப் படியுங்கள். பழைய கேள்விகளைத் தேடுங்கள். என்ன கம்ப்யூட்டர், என்ன விண்டோஸ், திரையில் வந்த எச்சரிக்கை என்ன என்பதை முழுதாக எழுதுங்கள்.

• சின்னக் குழுவில் முதலில் உங்களை அறிமுகம் செய்துகொள்ளுங்கள். கேட்க மட்டும் வராமல், தெரிந்ததைச் சொல்லவும் செய்யுங்கள்.

• ஓடிபி, பேங்க் விவரங்களை எந்தக் குழுவிலும் எழுத வேண்டாம்.

• முக்கியமான பதில்களை உங்கள் கம்ப்யூட்டரில் சேமித்து வையுங்கள். யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் ஒரேயடியாக மூடப்பட்டன.

• பார்வர்ட் மெசேஜ் வந்தால் அனுப்பியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இதை நீங்களே பார்த்தீர்களா?” இல்லை என்றால் அது உங்களோடு நிற்கட்டும்.