நடுராத்திரியில் வாசலில் யார்? செல்போனில் காட்டிக் கொடுக்கும் சென்சார்! மாட்டும் முன் இதை படிங்க

சென்னை:

வீட்டுக்காரர் நைட் ஷிப்ட். வீட்டில் மனைவி, பிள்ளைகள், வயசான அம்மா மட்டும். ராத்திரி 2 மணிக்கு வாசலில் ஏதோ சத்தம். கதவைத் திறந்து பார்க்கவும் பயம், பார்க்காமல் தூங்கவும் பயம். இந்த தவிப்பு பல வீடுகளில் இருக்கிறது.

இதற்கு கைகொடுப்பதுதான் ‘மோஷன் சென்சார்’. உள்ளங்கை அளவு பெட்டி. ஒயர் கிடையாது, பேட்டரியில் ஓடும். வாசலில் ஆள் நடமாடினால் லைட்டை எரிய வைக்கும். செல்போனுக்கும் தகவல் வரும்.

எப்படி கண்டுபிடிக்கிறது?

மனித உடம்பில் இருந்து கண்ணுக்கு தெரியாத வெப்பக் கதிர் வந்து கொண்டே இருக்கிறது. அந்த வெப்பம் ஓர் இடத்தில் இருந்து இன்னொரு இடத்துக்கு நகர்வதை சென்சார் பிடித்து விடும். ஜன்னல் கண்ணாடி இந்த கதிரை மறைத்து விடும். அதனால் வீட்டுக்குள் கண்ணாடிக்கு பின்னால் வைத்தால் வேலைக்கு ஆகாது.

இணைப்பது எப்படி?

பல சென்சார்கள் தனியாக செல்போனோடு பேசாது. நடுவில் ‘ஹப்’ என்ற சின்ன பெட்டி வேண்டும். ஹப்பை மின்சாரத்திலும் இன்டர்நெட்டிலும் இணைக்க வேண்டும். செல்போன் ஆப்பில் புதிய கருவியை சேர்க்கும் பட்டனை தொட்டு, சென்சாரில் உள்ள பட்டனை சில வினாடி அழுத்திப் பிடித்தால் குட்டி விளக்கு கண் சிமிட்டும். சிறிது நேரத்தில் ஆப்பில் சென்சார் பெயர் வந்து விடும்.

இதை ஹப்புக்கு பக்கத்தில் வைத்தே முடித்து விடுங்கள். பிறகு வாசலுக்கு கொண்டு போய், தற்காலிகமாக டேப் போட்டு ஒட்டி, நடந்து பாருங்கள். சரியாக வேலை செய்தால் மட்டும் சுவரில் ஓட்டை போடுங்கள். கான்கிரீட் சுவர் சிக்னலை குறைக்கும். ‘ஜிக்பீ’ வகை என்றால், நடுவில் ஒரு ஜிக்பீ ஸ்மார்ட் பிளக் போட்டால் அது சிக்னலை வாங்கி கடத்தும்.

கடைசியாக ஆப்பில் உத்தரவு போட வேண்டும். இருட்டிய பிறகு ஆள் வந்தால் 2 நிமிடம் லைட் எரியட்டும். இரவு 11 முதல் அதிகாலை 5 மணி வரை மட்டும் போனுக்கு தகவல் வரட்டும். இல்லாவிட்டால் பால்காரர், பேப்பர்காரர் வந்தாலும் போன் அடித்துக் கொண்டே இருக்கும்!

எங்கே மாட்டுவது?

தரையில் இருந்து 2 மீட்டர் உயரம் போதும். ஆள் நேராக வருவதை விட, குறுக்கே நடந்தால் சென்சார் சட்டென்று பிடிக்கும். எனவே கேட்டை நேராக பார்க்காமல் பாதையின் பக்கவாட்டில் மாட்டுங்கள். ஏ.சி. அவுட்டோர் யூனிட், வெயிலில் ஆடும் மரக்கிளை எதிரே இருந்தால் சும்மா சும்மா அலாரம் வரும். மழை நேரடியாக அடிக்காமல் சன்ஷேடுக்கு கீழே வையுங்கள். வாங்கும்போது ‘ஐ.பி. 65’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். தூசி புகாது, தண்ணீர் பீய்ச்சி அடித்தாலும் தாங்கும்.

உஷார்!

* கத்திரி வெயிலில் சுற்றுப்புற சூடு உடம்பு சூட்டை நெருங்கும்போது சென்சார் கொஞ்சம் மந்தமாகும். கோடையில் ஒருமுறை நடந்து பார்த்து சோதியுங்கள்.

* அமெரிக்காவில் இருந்து சொந்தக்காரர் ‘இசட்-வேவ்’ வகை சென்சார் வாங்கி வந்தால், இங்குள்ள ஹப்போடு சேராது. அங்கே 908 மெகாஹெர்ட்ஸ், இந்தியாவில் 865 மெகாஹெர்ட்ஸ்.

* கரண்ட் போனால் ஹப்பும் மோடமும் படுத்து விடும். இரண்டையும் இன்வெர்ட்டரில் போடுங்கள்.

* வெளியூர் போனால் பக்கத்து வீட்டிலும் போலீஸ் நிலையத்திலும் சொல்லி விட்டு போங்கள்.

முக்கியமான விஷயம், சென்சார் தகவல்தான் சொல்லும், திருடனை தடுக்காது. போன் அடித்தால் தைரியமாக தனியே கதவைத் திறந்து வெளியே போகாதீர்கள். உள்ளே இருந்தபடியே லைட்டை போட்டு, பக்கத்து வீட்டாரை எழுப்பி, 100-க்கு போன் செய்யுங்கள். பொருள் போனால் சம்பாதிக்கலாம், உயிர் போனால் வருமா?