செவியாற் காணும் நகர்

வெளியூர் அன்பரொருவர் மட்டக்களப்புக்கு வருவாராயின், அவர் தவறாது காணவேண்டியது யாது? இவ்வினாவை என் மாணாக்கரிடம் அடிக்கடி விடுப்பதுண்டு. கோட்டை என்பான் ஒருவன். கல்லடிப் பாலம் என்பான் மற்றொருவன். மாமாங்கேசுவரர் ஆலயம் என்பாள் ஒருத்தி. மூன்றும் காணத்தக்கனவே. ஆயினும், கண்ணை மட்டும் கொண்டு வருவோர் இந்நகரைப் பாதியே கண்டவராவர் என்பது என் துணிபு.

எங்கள் களுவாஞ்சிக்குடியிலிருந்து வடக்கே செல்வோர்க்கு வலப்புறம் கடல், இடப்புறம் வாவி, இடையே ஒடுங்கிய நிலம். களுதாவளையின் வெற்றிலைத் தோட்டங்களையும், ஆரையம்பதி, காத்தான்குடி ஆகிய ஊர்களையும் கடந்தால் கல்லடி வரும். பாலத்தைக் காணும் விரைவில் பலர் இங்கு நில்லாது போகின்றனர். சிவானந்த வித்தியாலயத்தின் அருகே விபுலாநந்த அடிகளாரின் சமாதி உள்ளது. வழக்கொழிந்த யாழின் இசையிலக்கணத்தைப் பல்லாண்டு ஆராய்ந்து, 1947 இல் திருக்கொள்ளம்பூதூரில் யாழ்நூலை அரங்கேற்றிய அப்பெரியார், அடுத்த திங்களிலேயே மறைந்தார். இவ்வாவியின் மீனிசையைப் பொருளாகக் கொண்டும் அவர் பாடியுள்ளார். அதனை நினைந்தே பாலத்தில் அடிவைத்தல் வேண்டும்.

தேசாதிபதி மானிங்கின் துணைவியார் பெயர் தாங்கிய பழைய இரும்புப் பாலத்தின் அருகே, 2013 இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. அப்பால் நகருட் புகுந்து புளியந்தீவை அடைந்தால் கோட்டையைக் காணலாம். போர்த்துக்கேயர் 1628 இல் எழுப்பியதை ஒல்லாந்தர் 1638 இல் கைப்பற்றினர். பின்னர் அஃது ஆங்கிலேயர் வசமாயிற்று. நெடுங்காலம் கச்சேரியும் அதனுள்ளேயே இயங்கியது. ஆசிரியராயினோர் மத்திய கல்லூரியையும் காண்க. 1814 இல் அதற்கு வித்திட்ட வில்லியம் ஓல்ட் பாதிரியார் மறுவாண்டே இங்கு உயிர்நீத்தார். அவர் நட்ட கல்வி இரு நூற்றாண்டு கடந்தும் தழைத்து நிற்கின்றது.

பகற்காட்சி இத்துணையே. இந்நகரின் சிறப்போ இரவிற்குரியது. காற்றடங்கிய நிலாக்காலத்தில், தோணியை நடுவாவியில் நிறுத்தி, துடுப்பின் ஒருமுனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையிற் செவியை வைத்தால், யாழ்நரம்பு அதிர்ந்தாற்போன்ற ஒலி எழும் என்பர். 1848 இல் இங்கு வந்த எமர்சன் டெனன்ட் என்னும் ஆங்கில அதிகாரி, இரவில் தோணியேறிச் சென்று அதனைக் கேட்டு, தம் நூலில் விரித்தெழுதினார். ஒலிப்பது மீனன்று, ஊரி என்னும் சிப்பியினமே என அன்று மீனவர் அவர்க்குக் கூறினராம். பாடுவது யாதாயினும், மீன்பாடும் தேனாடு என்னும் பெயர் இந்நாட்டிற்கு நிலைத்துவிட்டது.

இற்றைநாள் வருவோர் நண்பகலில் பாலத்தைப் படமெடுத்து, மாலைக்குள் பாசிக்குடாக் கடற்கரைக்கு விரைகின்றனர். அவரைக் குறைகூறி என் பயன்? தனிவகுப்பிற்காக நாள்தோறும் நகர் சென்று மீளும் நம் பிள்ளைகளுள் எத்துணைப்பேர் அவ்வொலிக்குச் செவிகொடுத்திருப்பர்? இவ்வொலி முன்போல் கேட்பதில்லை என்று மூத்தோர் வருந்துவர். இயந்திரப் படகும் ஊர்திகளும் எழுப்பும் இரைச்சலிடையே அது கேளாதிருத்தல் வியப்பன்று. ஆயின், கேட்க முயல்வாரும் அற்றுப்போவரேல், அது நின்றுபோயினும் அறிவார் இரார்.

ஆதலின், விருந்தினரை ஓரிரவேனும் தங்கச் செய்க. ஆசிரிய அன்பர்களே, நிலாநாளொன்றில் மாணாக்கர் சிலரை மீனவர் துணையோடு வாவிக்கு அழைத்துச் செல்க. ஒன்றும் கேளாவிடினும் குறையில்லை. வாய்மூடிச் செவிதிறந்திருக்க ஒரு நாழிகை பழகியிருப்பர்.