பேட்டரியைக் குறை சொல்லுமுன்...



அம்பாசிடர் கார் தயாரிப்பு 2014-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆனாலும் நம் செட்டிநாட்டுப் பக்கம் அந்தக் கார் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கொள்முதலுக்கும் வசூலுக்கும் பழைய அம்பாசிடரையோ ஆம்னியையோ நம்பியிருக்கும் வணிகர்கள் உண்டு. அவர்களுக்குப் பயன்படட்டும் என்றே, நாம் பணம் கொடுத்துக் கற்ற ஒரு பாடத்தை இங்கே எழுதுகிறோம்.

2009-ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரம். மதுரையில் ஏலக்காயும் முந்திரியும் வாங்கிக்கொண்டு கணக்கப்பிள்ளையுடன் திரும்பிக்கொண்டிருந்தோம். மேலூர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் ஓடியது, முன்விளக்கும் எரிந்தது. சிறிது நேரத்தில் விளக்கு மஞ்சளாக மங்கியது. வைப்பர் பாதியில் நின்றது. திருப்பத்தூர் வருவதற்குள் வண்டியும் நின்றுவிட்டது. பெட்டியில் சரக்கு, மடியில் பாக்கிப் பணம், சுற்றிலும் இருட்டு. லாரிக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு இழுத்துவந்து ஊர் சேர்த்தார்.

மறுநாள் ஒரு கடையில் காட்டினோம். “பேட்டரி போய்விட்டது” என்றார்கள். புதிதாக வாங்கிப் போட்டோம். மூன்றே வாரத்தில் மறுபடியும் செல்ஃப் அடிக்கவில்லை. அப்போதுதான் வயதான எலக்ட்ரீசியன் ஒருவரிடம் போனோம். அவர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, “முதலாளி, கல்லாவைக் குறை சொல்லாதீங்க. வியாபாரமே நடக்கலை” என்றார்.

அவர் சொன்னது நமக்கு உடனே விளங்கியது. பேட்டரி என்பது கல்லாப்பெட்டி. ஆல்டர்னேட்டர்தான் அன்றாட வியாபாரம். வண்டியைக் கிளப்பப் பேட்டரி கொஞ்சம் கொடுக்கிறது. ஓடத் தொடங்கியபின் விளக்குக்கும் வைப்பருக்கும் வேண்டிய மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் சம்பாதித்துக் கொடுத்து, கல்லாவிலிருந்து எடுத்ததையும் திரும்பப் போட வேண்டும். அது சம்பாதிக்காவிட்டால் எத்தனை புதுப் பெட்டி வாங்கினாலும் காலியாகத்தான் செய்யும்.

உள்ளே நடப்பது என்ன?

ஆதியில் கார்களில் இருந்தது டைனமோ. மெதுவாக ஓடும்போது அதிலிருந்து சார்ஜ் சரியாக வராது. பின்னால் வந்த ஆல்டர்னேட்டர் குறைந்த வேகத்திலும் சார்ஜ் கொடுக்கும். ஆனாலும் நம் ஊர்ப் பட்டறைகளில் இதையும் டைனமோ என்றே சொல்கிறார்கள். சென்னை பாடியில் உள்ள லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனம் 1961-இல் தொடங்கப்பட்டது; ஆல்டர்னேட்டர் நம் தமிழ்நாட்டிலேயே தயாராகும் பொருள்தான்.

என்ஜின் சுற்றும்போது பெல்ட் ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிறது. உள்ளே சுழலும் காந்தச் சுருளுக்குக் கார்பன் துண்டுகள் இரண்டு மின்சாரம் கொடுக்கின்றன. வெளிச் சுருளில் உண்டாகும் மாறுமின்சாரத்தை டயோடுகள் நேர்மின்சாரமாக்குகின்றன. அளவு மீறாமல் ரெகுலேட்டர் பார்த்துக்கொள்கிறது. ஆகவே கோளாறு வரும் இடங்கள் பெல்ட், கார்பன், டயோடு, ரெகுலேட்டர், பேரிங், இவற்றை இணைக்கும் ஒயர்கள் என்று எண்ணிச் சொல்லிவிடலாம்.

நாமே பார்க்கக்கூடியவை

1. சிவப்பு விளக்கு: சாவியைத் திருப்பியதும் பேட்டரி படம் போட்ட விளக்கு எரிய வேண்டும், வண்டி கிளம்பியதும் அணைய வேண்டும். ஓடும்போது மங்கலாக எரிந்தாலும் சந்தேகப்படுங்கள். சாவி போட்டும் எரியவில்லை என்றால் அதையும் விடாதீர்கள். பல பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டருக்கு முதல் மின்சாரம் அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு போனாலே சார்ஜ் ஏறாமல் போகலாம்.

2. பெல்ட்: என்ஜினை நிறுத்திவிட்டு, இரண்டு சக்கரங்களுக்கு நடுவே நீளமான பகுதியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். சுமார் அரை அங்குலம் அமுங்கலாம். அதற்குமேல் தொளதொளவென்று இருந்தாலும், பளபளவென்று தேய்ந்திருந்தாலும், கிளப்பும்போது கிறீச்சிட்டாலும் முதலில் பெல்ட்டைச் சரிசெய்யுங்கள்.

3. மீட்டர்: இரவு முழுவதும் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. 12-க்குக் கீழே என்றால் அநேகமாகக் காலி. வண்டியைக் கிளப்பிச் சற்றே வேகம் கொடுத்தால் 13.8 முதல் 14.4 வரை ஏற வேண்டும். ஏறவே இல்லை என்றால் சார்ஜ் வரவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு. பேட்டரித் தண்ணீர் அடிக்கடி வற்றுவதும் இதன் அடையாளமே.

4. சுமை: முன்விளக்கு, வைப்பர் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். அப்போதும் 13-க்குமேல் நிற்க வேண்டும். சரிந்துவிட்டால் டயோடு போயிருக்கலாம். பகலில் ஓடி இரவில் படுத்துக்கொள்ளும் வண்டியின் நோய் இதுதான்.

5. ஒயர்: ஆல்டர்னேட்டரின் பின்புறம் 14 காட்டி, பேட்டரியில் 12.5 மட்டும் காட்டினால் குற்றம் நடுவில் உள்ள ஒயரிலோ பூத்துப்போன டெர்மினலிலோ இருக்கிறது. ஆல்டர்னேட்டரைக் கழற்ற வேண்டியதில்லை.

வண்டி ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, “நிற்கிறதா பார்ப்போம்” என்று சோதிப்பவர்கள் இன்றும் உண்டு. அது டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டர் வண்டியில் அப்படிச் செய்தால் வோல்டேஜ் எகிறி, நன்றாக இருந்த டயோடும் ரெகுலேட்டரும் போய்விடும். உங்கள் வண்டியில் யாரையும் அனுமதிக்காதீர்கள்.

நின்ற வண்டியும் கெடும்

வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் நம் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953-இல் திறக்கப்பட்டது. பேட்டரி அந்த மின்வேதியியலைச் சேர்ந்த பொருள். அதைச் சார்ஜ் இல்லாமல் போட்டுவைத்தால் ஈயத் தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படிந்து, பிறகு முழுச் சார்ஜ் ஏறாது. மூன்று வாரத்தில் நம் புதுப் பேட்டரியும் இப்படித்தான் பாதி வீணாயிற்று.

கல்யாணத்துக்கும் கோயில் காரியத்துக்கும் மட்டும் ஊருக்கு வரும் பெரிய வீட்டுக் கார்களுக்கும் இதே கதி. வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் கிளப்பி நிறுத்தினால் போதாது. கிளப்ப எடுத்த மின்சாரமே திரும்பாது. அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். இல்லையேல் நெகடிவ் ஒயரைக் கழற்றிவையுங்கள்.

வழியில் சிவப்பு விளக்கு எரிந்தால், பகலாக இருந்தால், ஏ.சி., பாட்டுப்பெட்டி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, என்ஜினை அணைக்காமல் அடுத்த ஊர்ப் பட்டறைக்குப் போய்விடுங்கள். ஆனால் விளக்கோடு என்ஜின் சூடும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கிறது, அங்கேயே நிறுத்துங்கள். இரவில் முன்விளக்கு மங்கினால் ஓரங்கட்டி நின்றுவிடுவதே நல்லது. புதிய கார்களில் கணினியே சார்ஜைக் கூட்டிக் குறைப்பதால் மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தாது. அவற்றைப் பட்டறையில் காட்டுங்கள்.

நம் வண்டியில் முடிவில் தேய்ந்துபோயிருந்தவை கார்பன் துண்டுகள் இரண்டுதான். “இதுக்கா அண்ணே, பேட்டரி வாங்கினோம்?” என்று கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே மீட்டரைத் துடைத்து வைத்தார். அன்றே நாமும் ஒரு மீட்டர் வாங்கி, கடையில் தராசுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டோம்.